தவணை மண்

கல்லறைத் தோட்டம் என்று சிறுவயதிலிருந்து சொல்லிவருகிறேன். அந்தச் சொல்லுக்குள் தோட்டம் எப்படி வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரனுக்கு அது ஒரு சுற்றுச்சுவர், வெள்ளையடித்த சிலுவைகள், நவம்பர் 2ஆம் தேதி சாயங்காலம் ஏற்றும் மெழுகுவர்த்திகள். நடுவே நெருஞ்சி படர்ந்திருக்கும், ஓரத்தில் ஒரு வேப்பமரம் நிற்கும். அவ்வளவுதான்.

பெர்லினில் இறங்கிய மூன்றாம் நாள், இரவுச் சாப்பாட்டின்போது சித்தப்பா சொன்னார்: "நாளைக்குச் சேமக்காலைக்குப் போவம் தம்பி. தோட்டக்காரர் அக்கம்பக்கத்துச் சனம் எல்லாரையும் வரச்சொல்லியிருக்கினம்."

சித்தப்பா என் நண்பனுக்குத்தான் சித்தப்பா. யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்தைந்தைத் தொட்டவர், உணவகச் சமையலறைகளில் உழைத்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டில் சாப்பிட்ட முதல் நாளே நானும் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். சேமக்காலை என்றால் அவர்கள் ஊரில் கிறிஸ்தவர்களின் இடுகாடு என்பது தெரியும். சோற்றில் வைத்த கை நின்றது.

"யாரும் தவறிட்டாங்களா சித்தப்பா?"

"சீச்சீ. தக்காளிக் கண்டு குடுக்கினம். சாப்பாடும் இருக்கு."

மறுநாள் சனிக்கிழமை, மே மாதத்தின் மூன்றாம் வாரம். ஓஸ்லோவர் ஸ்ட்ராஸெ நிலையத்தில் யூ8 சுரங்க ரயில் ஏறினோம். சித்தப்பாவின் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் காலித் தயிர் டப்பாக்களில் மிளகாய்க் கன்றுகள். பிப்ரவரிக் குளிரில், சமையலறை ஜன்னலடியில் ஓடும் வெந்நீர்க் குழாயின் சூட்டில் விதை போட்டு எழுப்பியவை. எதிர் இருக்கைக் குழந்தை அவற்றை விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தது.

இந்த யூ8 தடம் சாதாரணத் தடம் இல்லை. 1961இல் சுவர் எழும்பியபோது இதன் இரு முனைகளும் மேற்கு பெர்லினில் இருந்தன. நடுத்துண்டு கிழக்கின் அடியில் மாட்டிக்கொண்டது. பெர்னாவர் ஸ்ட்ராஸெ தொடங்கி ஹைன்ரிஷ் ஹைன ஸ்ட்ராஸெ வரை ஆறு நிலையங்களில் வண்டி நிற்காது. வேகத்தைக் குறைத்து, மங்கிய வெளிச்சத்தில் காவல் நிற்பவர்களைக் கடந்து ஊர்ந்துபோகும். பேய் நிலையங்கள் என்று அவற்றுக்குப் பெயர். 1984இல் வந்திறங்கிய சித்தப்பாவுக்கு யாரும் அதைச் சொல்லிவைக்கவில்லை. "முதல் தரம் போகேக்கை ரெயின் பழுதாப் போச்சுதாக்கும் எண்டு நினைச்சன். பக்கத்திலை இருந்த கிழவி பேப்பர் வாசிச்சபடி இருந்தா. அப்ப நானும் பேசாமல் இருந்திட்டன்." இன்று அதே நிலையங்களில் காபிக் கோப்பையும் சைக்கிளுமாக ஆட்கள் ஏறுகிறார்கள்.

மோரிட்ஸ்ப்ளாட்ஸ் வந்ததும் சித்தப்பா எழுந்தார். போகவேண்டிய நிலையம் இன்னும் ஐந்து தள்ளி இருந்தது. "முதல்ல பழைய இடத்தைப் பாருங்கோ. பேந்து புதுசைப் பாத்தால்தான் விளங்கும்."

பழைய இடம் என்று அவர் காட்டியது, வட்டச் சாலையை ஒட்டி மரங்கள் அடர்ந்த ஒரு மனை. 6,000 சதுர மீட்டர் இருக்கும். வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தின் பெரிய பல்பொருள் அங்காடி இங்கே இருந்தது. நாஜி ஆட்சி அந்தக் குடும்பத்திடமிருந்து தொழிலைப் பறித்தது. போர் கட்டடத்தையும் முடித்துவைத்தது. பிறகு கூப்பிடு தூரத்தில் சுவர் வந்தது. முட்டுச்சந்து போலாகிவிட்ட இடத்தில் யார் முதல் போடுவார்கள்? அறுபது ஆண்டுகளுக்கு மேல் மனை குப்பை சேர்த்தபடி கிடந்தது.

2009இல் ராபர்ட் ஷா என்ற திரைப்படக்காரரும் மார்கோ கிளவுஸன் என்ற வரலாறு படித்தவரும் இதைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஷா கியூபாவில் சுற்றியவர். சோவியத் ஒன்றியம் உடைந்து, எண்ணெயும் உரமும் வருவது நின்றுபோனபோது கியூபா நகரங்களின் காலி மனைகள் காய்கறிப் பாத்திகளாக மாறின. அதைப் பார்த்தவருக்கு பெர்லினின் காலி மனைகள் கண்ணை உறுத்தியிருக்கின்றன. அக்கம்பக்கத்தார் நூற்றுக்கும் மேற்பட்டோர் கூடிக் குப்பையை அள்ளினார்கள்.

இரண்டு சங்கடங்கள் இருந்தன. மனை நகரத்துக்குச் சொந்தம், குத்தகை ஆண்டுக்காண்டு புதுப்பித்தால் உண்டு. இடிபாடும் குப்பையும் ஊறிய மண்ணில் விளைந்ததை நம்பிச் சாப்பிடவும் முடியாது. இரண்டுக்கும் ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள்: தரையில் நடாதே. ரொட்டிக்கடையின் பிளாஸ்டிக் கிரேடுகளில் மண்ணை நிரப்பிக் கீரை போட்டார்கள். பால் அட்டைப்பெட்டிகளில் நாற்று விட்டார்கள். உருளைக்கிழங்குக்கு அரிசிச் சாக்கு. நாளைக்குக் காலிசெய் என்றால் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாம். அருகில் ஓடும் இளவரசியர் தெருவின் பெயரால் ப்ரின்ஸெஸின்னன்கார்டன், இளவரசியர் தோட்டம், என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

2012இல் நகரம் மனையை விற்கப் புறப்பட்டது. 30,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் திரண்டன, விற்பனை நின்றது. ஆனாலும் தோட்டத்தார் 2019 முடிவில் தங்கள் வேலையின் பெரும்பகுதியைப் பெட்டிகளோடு வேறிடம் மாற்றிக்கொண்டார்கள். சிலர் இங்கேயே தொடர்ந்தார்கள். மாறியவர்கள் எங்கே போனார்கள் என்றால், அதே யூ8 தடத்தில் ஐந்து நிலையம் தெற்கே, நொய்க்கோல்ன் பகுதியின் கல்லறைக்கு.

*

லைனஸ்ட்ராஸெயில் இறங்கி மேலே வந்தால் ஹெர்மான்ஸ்ட்ராஸெ. துருக்கிக்காரர் காய்கறிக்கடை, அரபு எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த செல்போன் கடை, வியட்நாமியரின் நகப்பூச்சுக் கடை என்று வரிசையாக நீளும் தெரு. நடைபாதை ஓரத்தில் பச்சை வண்ணம் அடித்த இரும்பு அடிபம்பு ஒன்றைக் கண்டு நின்றுவிட்டேன். கைப்பிடியை நாலு தரம் அழுத்தியதும் ஊரில் கேட்ட அதே கரகரப்புடன் நீர் குபுக்கென்று வந்தது. பெர்லின் தெருக்களில் இப்படி சுமார் 2,000 பம்புகள் இருக்கின்றன. நீர்வழங்கல் நின்றுபோகும் ஆபத்துக் காலத்துக்கென்று வைத்தவை. 2018இலும் 2019இலும் கோடை காய்ந்து தெருமரங்கள் வாடியபோது ஜனங்கள் வாளியோடு இவற்றைத் தேடி வந்தார்கள். 2020இல் இதற்கென்றே ஒரு செயலி வந்தது. 'பேட்டைக்குத் தண்ணீர் ஊற்று' என்ற பொருளில் பெயர். எந்தத் தெருமரத்துக்கு எத்தனை லிட்டர் யார் ஊற்றினார்கள் என்று அதில் பதியலாம், ஒரு மரத்தைத் தத்தெடுத்துக்கொள்ளலாம்.

நுழைவாயிலுக்குள் காலெடுத்து வைத்ததும் தெருவின் இரைச்சல் கதவைச் சாத்தியது போல நின்றது. புதிய புனித யாகோபு கல்லறை என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடம். லிண்டன் மரவரிசை, பாசி பிடித்த கருங்கல் மாடங்கள், சிறகு உடைந்த தேவதை. புதருக்குள் நைட்டிங்கேல் ஒன்று பட்டப்பகலில் பாடிக்கொண்டிருந்தது. பெர்லினில் மே மாதம் அது சாதாரணம் என்றார் சித்தப்பா. நடுவே, கல்லறைக் கற்கள் விலகி வெளியாகத் திறந்த இடத்தில் பாத்திகளும் பெட்டிகளும். மரத்துக்கு மரம் கயிறு கட்டி வண்ணக் கொடிகள். குழந்தைகளின் கூச்சல்.

ஒரு கல்லின்மேல் ஒட்டியிருந்த சிறிய காகிதத்தைச் சித்தப்பா வாசித்துச் சொன்னார். பயன்பாட்டு உரிமை முடிந்துவிட்டது, உறவினர் அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்.

"செத்தவருக்கா உரிமை முடிஞ்சிருக்கு?"

"ஓம். இஞ்சை குழி வாடகைக்குத்தான் தம்பி. இருபது வருசத் தவணை. பேந்து சில வகைக் குழிக்குக் காசு கட்டி நீட்டலாம். கட்ட ஆளில்லாட்டி கல்லை எடுத்துப்போடுவினம்."

பெர்லினில் இறந்தவருக்கான ஓய்வுக்காலம் 20 ஆண்டுகள். அதற்குப் பிறகு அந்த ஆறடி மண்ணும் பொதுவுக்குத் திரும்பிவிடுகிறது. இன்னொரு மாற்றமும் சேர்ந்துகொண்டது. இந்த நகரத்தில் இப்போது பெரும்பாலானோர் எரியூட்டப்படுகிறார்கள். சாம்பலை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடுவதில்லை. கலயத்தைப் புதைக்கவேண்டும். கலயத்துக்கு எவ்வளவு இடம் தேவைப்படும்? சவப்பெட்டிகளை எண்ணி வாங்கிப்போட்ட ஏக்கர்கள் திருச்சபையின் கையில் மிஞ்சிவிட்டன. அப்படி மிஞ்சிய மண்ணில் ஒரு பங்குக்குத்தான் பெட்டித் தோட்டம் குடிவந்திருக்கிறது. எரிப்பது நம் வழக்கம், புதைப்பது அவர்கள் வழக்கம் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து பிரித்துவைத்திருந்த எனக்கு, எரிப்பதால் விளைந்த காய்கறித் தோட்டத்தைப் பார்ப்பது விநோதமாக இருந்தது.

*

முதல் மேசை நாற்று மேசை. சித்தப்பா தயிர் டப்பாக்களை இறக்கிவைத்ததும் அங்கே நின்ற பெண்மணி ஒரு குச்சியில் "காரம்! காரம்! காரம்!" என்று மூன்று தரம் ஜெர்மனில் எழுதிச் செருகினார். கொடுத்தவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், கொடுக்காதவரும் எடுத்துக்கொள்ளலாம், உண்டியல் ஒன்று ஓரமாக இருக்கிறது. கணக்குப் பார்ப்பவர் இல்லை.

ஏன் இந்த வாரம் திறந்த நாள் வைத்தார்கள் என்பதற்கு அந்த மேசையில் விடை இருந்தது. மே 11 முதல் 15 வரை ஐந்து புனிதர்களின் நாட்கள்: மாமெர்டுஸ், பாங்க்ராட்டியுஸ், செர்வாட்டியுஸ், போனிஃபாட்டியுஸ், கடைசியாக ஸோஃபீ. பனிப் புனிதர்கள் என்று இவர்களுக்குப் பெயர். குளிர்காலம் திரும்பிப் பார்த்து ஒரு கடி கடித்துவிட்டுப் போவது இவர்கள் நாட்களில்தான் என்பது ஜெர்மன் குடியானவர் நம்பிக்கை. குளிர்ந்த ஸோஃபீ தாண்டாமல் தக்காளி நாற்றை வெளியில் வைப்பவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பாட்டி தலையில் அடித்துக்கொள்வார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை நாம் பஞ்சாங்கத்தில் வைத்தோம், இவர்கள் புனிதர்களின் தலையில் ஏற்றிவிட்டார்கள். புனிதர்கள் போய்ச் சேர்ந்த முதல் சனிக்கிழமை என்பதால் மேசையைச் சுற்றி நெரிசல். முக்காடிட்ட பாட்டி ஒருவர் சித்தப்பாவின் கன்றுகளில் நான்கை எடுத்து, பதிலுக்கு ஒரு கொத்துப் புதினாவை வேரோடு வைத்துவிட்டுப் போனார். இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஜெர்மன். விலை படிந்துவிட்டது.

இங்கே யாருக்கும் சொந்தப் பாத்தி கிடையாது. குறித்த நாட்களில் யார் வந்தாலும் வேலை உண்டு, வேலை செய்தவருக்கு விளைச்சலில் பங்கு உண்டு. ஜெர்மனியின் பழைய தோட்டமுறை இதற்கு நேரெதிர். லைப்சிக் நகரத்து மருத்துவர் ஷ்ரேபரின் பெயரால் 1864இல் தொடங்கிய சங்கத்தின் வழிவந்த சிறுதோட்டங்கள் நாடெங்கும் உண்டு. வேலியிட்ட மனை, அதற்குள் 24 சதுர மீட்டருக்கு மிகாத குடில், மூன்றில் ஒரு பங்கில் காயும் கனியும் விளைந்தாகவேண்டும் என்ற விதி. பெர்லினில் அப்படி ஒரு மனை கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும். சித்தப்பாவும் பெயர் எழுதிவைத்தார். காத்திருந்து அலுத்து இங்கே வந்தார். "அங்கை வேலிக்கு எத்தினை சென்டிமீட்டர் எண்டும் சட்டம். யாழ்ப்பாணத்திலை வேலிச் சண்டை பாத்து வந்தவனுக்கு இன்னொரு வேலி என்னத்துக்கு?"

பதினொரு மணிக்கு மூலிகை நடை. பத்துப் பேர் ஒரு இளம்பெண்ணின் பின்னால் கல்லறைகளுக்கிடையே போனோம். நிழலில் அகன்ற பச்சை இலைகள் தரையை மூடியிருந்தன. பேர்லௌஹ் என்றார், கரடிப்பூண்டு. வசந்தத்தில் ஜெர்மானியர் வெண்ணெயிலும் சூப்பிலும் போட்டுக் கொண்டாடும் காட்டுப்பூண்டு. இலையைக் கசக்கினால் பூண்டு வாசம் ஊரைக் கூட்டும். நானும் குனிந்து ஒரு இலையைப் பறித்து வாயருகே கொண்டுபோனேன். அந்தப் பெண் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

நான் பறித்தது பூண்டு இல்லை. பக்கத்துக் கல்லறையில் யாரோ எப்போதோ அன்போடு நட்ட மேமணிப்பூ. முத்து முத்தாக வெள்ளைப் பூ விடும், தின்றால் இதயத்துக்கு விஷம். இலை இரண்டுக்கும் அச்சு அசல். பூண்டில் ஒவ்வொரு இலையும் தனிக்காம்போடு மண்ணிலிருந்து எழும், மேமணியில் ஒரே தண்டிலிருந்து இரண்டு இலை கிளம்பும். வாசத்தை மட்டும் நம்பக்கூடாது, முதல் இலையைக் கசக்கிய விரலில் பூண்டு மணம் ஒட்டியிருந்தால் அடுத்த இலை எதுவானாலும் பூண்டாகத்தான் மணக்கும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். என் விரலும் அப்படித்தான் ஏமாற்றியிருந்தது. "சேமக்காலைக்கு வந்து அங்கேயே தங்கப் பாத்தியளோ?" என்று சித்தப்பா நாள் முழுக்கச் சிரித்தார்.

மக்குரக் குவியலின் அருகே எனக்குக் கொஞ்சம் மானம் திரும்பியது. இந்த மாநிலத்து மண் மணல். பெர்லினைச் சூழ்ந்த பிராண்டன்பர்குக்குப் பேரரசுக் காலத்தில் மணற்புட்டி என்றே பட்டப்பெயர், எழுதிய மையை உலர்த்த மணல் தூவும் புட்டி. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். நிறம்தான் வேறு, விரலிடுக்கில் வழிவது எங்கள் தேரிக்காட்டு மணல் போலவே. ஊற்றிய தண்ணீர் நிற்காது, போட்ட சத்தும் அதோடு இறங்கிவிடும். இலைதழையைப் போட்டுப் போட்டுத்தான் அதற்கு உடம்பு ஏற்றவேண்டும் என்று நான் சொன்னதைச் சித்தப்பா மொழிபெயர்க்க, குவியலைக் கிளறிக்கொண்டிருந்தவர் தலையாட்டினார். கல்லறை மரங்கள் உதிர்க்கும் சருகு ஒரு அடுக்கு, அடுப்படிக் கழிவு ஒரு அடுக்கு. மொத்தத்தில் கரிச்சத்து முப்பது பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவு நின்றால் குவியல் தானாகச் சூடேறும். அவர் செருகியிருந்த நீண்ட வெப்பமானி 60 பாகையைக் காட்டியது. மே மாதக் குளிர்காற்றில் அந்தக் குவியலிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

ஒரு லிண்டன் மரத்தடியில் பழுதுநீக்கும் மேசை. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டின போஸ்ட்மா என்ற பத்திரிகையாளர் தொடங்கிய பழக்கம் இது. உடைந்ததைக் கொண்டுவா, தெரிந்தவரோடு உட்கார்ந்து நீயே சரிசெய். முதிய பெண்மணி ஒருவர் ஆரஞ்சு நிறக் கை மிக்சியை நீட்டினார். கிழக்கு ஜெர்மனியில் தயாரான ஆர்ஜி 28. வயர் மட்டும் விட்டுப்போயிருந்தது. இருபது வயதுப் பையன் ஒருவன் பற்றவைத்துக் கொடுக்க, அது உறுமிக்கொண்டு சுற்றியது. செய்த நாடு 1990இல் இல்லாமல் போய்விட்டது. மிக்சி ஓடுகிறது.

மதியம் அண்டாவில் சூப். கடைகள் ஒதுக்கிய காய்கறிகளைத் தொண்டர்கள் சேகரித்துவந்து சமைத்தது. 2012 முதல் இங்கே உணவுப் பகிர்வு ஒரு இயக்கம், தெருவோரத்தில் பொதுக் குளிர்ப்பெட்டிகள் வைத்து மிஞ்சியதை யாரும் எடுத்துக்கொள்ள விடுகிறார்கள். சித்தப்பா ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தார். வறுத்த யாழ்ப்பாணத் தூள். அடுத்த ஐந்து நிமிடத்தில் போத்தல் மேசையைச் சுற்றிப் பாதியாகித் திரும்பியது.

எனக்கோ சூப் தொண்டையில் ஒரு கேள்வியோடு இறங்கியது. பிணம் புதைத்த மண்ணில் விளைந்ததா? எதிரே உட்கார்ந்திருந்த தோட்டக்காரப் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. தின்னும் பயிர் பெரும்பாலும் பெட்டியிலும் மேட்டுப்பாத்தியிலும் வேறு மண் போட்டுத்தான் என்றாள். பிறகு, "இங்கே மண்ணை விடக் கனமான விஷயம் வேறு இருக்கிறது" என்று சொல்லித் தெருப்பக்கம் கைகாட்டினாள்.

இதே ஹெர்மான்ஸ்ட்ராஸெயில், கொஞ்ச தூரத்தில் இருக்கும் இன்னொரு கல்லறையில், 1942 முதல் 1945 வரை கட்டாய உழைப்பு முகாம் ஒன்று இருந்தது. நடத்தியது ராணுவமோ ஆலையோ இல்லை, நாற்பதுக்கும் மேற்பட்ட திருச்சபைகள் கூடி. சோவியத் நாட்டிலிருந்து இழுத்துவரப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டோர் இங்குள்ள கல்லறைகளில் குழி வெட்டினார்கள். குண்டுவீச்சில் நகரம் சாகச் சாக அவர்களுக்கு வேலை கூடியது. போருக்குப் பின் அரை நூற்றாண்டு யாரும் அதைப் பேசவில்லை. இப்போது அங்கே நினைவுக்கல் நிற்கிறது. பசியோடு மண்வெட்டி பிடித்தவர்களின் பக்கத்து மண்ணில் பசி தீர்க்க மண்வெட்டி பிடிப்பதை எப்படிச் சொல்வது என்று தனக்கு இன்னும் தெரியவில்லை என்றாள். நான் சூப்பைக் குடித்து முடித்தேன்.

*

சாயங்காலம் தண்ணீர் ஊற்றும் முறை சித்தப்பாவுடையது. அதற்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பின்பக்கத் தெருவைச் சுற்றி நடந்தோம். வீடுகள் முடிந்து வானம் திடீரென்று தரைவரை இறங்கியது. டெம்பெல்ஹோஃப் திடல்.

1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்கான சாலையையும் ரயிலையும் சோவியத் படை அடைத்தபோது, அடுத்த மே வரை மாவும் நிலக்கரியும் சுமந்து விமானங்கள் இறங்கிய தளங்களில் ஒன்று இது. போர் முடிந்த அந்த ஆண்டுகளில் நகர நடுவின் பெரும் பூங்காவான டியர்கார்டனில் மரங்களை விறகுக்கு வெட்டிவிட்டு உருளைக்கிழங்கு போட்டார்கள். பெர்லின்காரருக்கு நகரத்தில் காய் நடுவது புதுச் சங்கதி இல்லை.

2008இல் விமான நிலையம் மூடியது. 2010இல் வேலியைத் திறந்துவிட்டார்கள். 300 ஹெக்டேருக்கும் மேல். ஓடுபாதையில் பட்டம் விடுகிறார்கள், வானம்பாடி கூடுகட்டும் புல்வெளியைக் கயிறு கட்டி விலக்கிவைத்திருக்கிறார்கள். நொய்க்கோல்ன் பக்க ஓரத்தில் 2011இல் தொடங்கிய பொதுத் தோட்டம். தரையைத் தோண்ட அனுமதி இல்லாததால் இங்கும் எல்லாம் தரைக்கு மேலே. பழைய கதவு, கட்டில் சட்டம், குளியல் தொட்டி, குழந்தை வண்டி, எதில் மண் நிற்குமோ அதிலெல்லாம் செடி.

திடலின் ஓரங்களில் 4,700 குடியிருப்புகள் கட்ட நகரம் திட்டமிட்டது. 2014 மே 25 அன்று பொதுவாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் சுமார் 64 விழுக்காட்டினர் கட்டவே கூடாது என்றார்கள். அது சட்டமாகவே ஆகிவிட்டது.

"நானும் கட்டக்கூடாது எண்டுதான் போட்டனான்" என்றார் சித்தப்பா. "அப்ப மகள் பள்ளிக்கூடம். இப்ப வேலைக்குப் போறாள். ரெண்டு வருசமா வீடு தேடுறாள், கிடைக்கேல்லை. இந்தத் திடலைப் பாக்கேக்கை அவள் என்னைப் பாக்கிறாள்." ஓடுபாதையை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "திரும்பக் கேட்டால் என்ன போடுறது எண்டு தெரியேல்லை" என்றார்.

வந்த கதையை அங்கே புல்லில் உட்கார்ந்துதான் சொன்னார். கொழும்பிலிருந்து மாஸ்கோ, மாஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையம். அங்கிருந்து ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸெ நிலையம், ரயில் ஏறினால் மேற்கு. பெர்லின் நடுவே ஓடும் கோட்டை எல்லையென்று ஒப்புக்கொள்ள மேற்குக்கு மனமில்லாததால் அந்தப் பக்கம் கடவுச்சீட்டுப் பார்க்க ஆள் கிடையாது. 1980களில் பல ஈழத்தமிழர் அந்த இடுக்கு வழியாகத்தான் ஐரோப்பாவுக்குள் நுழைந்தார்கள். கையில் ஒரு பை. புகலிட விண்ணப்பம். பிறகு டுல்டுங் என்று ஒரு தாள். அந்த ஜெர்மன் சொல்லுக்குப் பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். இருக்க அனுமதி இல்லை, இப்போதைக்குத் துரத்தவில்லை என்று அர்த்தம். மூன்று மாதத் தவணை, ஆறு மாதத் தவணை. ஒவ்வொரு முறையும் வரிசையில் நின்று முத்திரை வாங்கவேண்டும். வேலைக்குப் போகவும் விடவில்லை.

"எங்கட செம்மண்ணிலை வெங்காயம் நட்டவன் நான். பதினாலு வயசிலை துலா மிதிச்சவன். இஞ்சை முகாம் அறையிலை சும்மா இருக்கேலாமல் ஒரு பெயின்ற் வாளியிலை மண் அள்ளி வந்து வெந்தயம் போட்டன். ஆறு மாசத் தாளோடை மரம் வைக்க ஏலுமோ? வெந்தயம் ஒரு மாசத்திலை வந்திடும்."

கேட்டுக்கொண்டிருந்தபோது கோட்டிங்கன் நகரத்துக் கதை நினைவுக்கு வந்தது. 1995இல் அங்கே போஸ்னியப் போருக்குத் தப்பிவந்த பெண்களிடம், இங்கே உங்களுக்கு எது இல்லாதது வருத்துகிறது என்று கேட்டார்கள். எங்கள் தோட்டங்கள் என்றார்களாம். அந்தப் பதிலிலிருந்து பிறந்ததுதான் ஜெர்மனியின் பன்னாட்டுத் தோட்டங்களில் முதலாவது. வாளியில் வெந்தயம் போட்டவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. அவர் பதிலை மட்டும் வளர்த்துவைத்திருந்தார்.

ஓராண்டுக் குத்தகையில் கிரேடில் கீரை போட்டவர்களையும் ஆறு மாதத் தாளை வைத்துக்கொண்டு வாளியில் வெந்தயம் போட்டவரையும் சேர்த்துப் பார்த்தேன். காணி எழுதிவாங்கிய பிறகுதான் கிணறு, கிணறு வெட்டிய பிறகுதான் தென்னை என்று வளர்ந்தவன் நான். என் தாத்தா பட்டா கைக்கு வரும்வரை ஒரு வேப்பங்கன்றுகூட வைக்காமல் காத்திருந்து, பட்டா வந்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

*

ஐந்தரைக்குத் திரும்பினோம். கொடிகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்று மேசையில் சித்தப்பாவின் டப்பாக்களில் இரண்டு மட்டும் மிச்சம். கல்லறைக் குழாயடியில் இரும்புச் சட்டத்தில் பூவாளிகள் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிள் பூட்டு. ஜெர்மானியர் கல்லறைகளில் இது வழக்கமான காட்சி. தங்கள் பெற்றோரின் பூச்செடிக்கு ஊற்ற வருகிறவர்கள் வாளியை வீட்டுக்கும் கல்லறைக்கும் சுமக்காமல் இங்கேயே பூட்டிவைத்துப் போவார்கள். சிலவற்றில் பூட்டு துருவேறி வாளியோடு ஒன்றாகியிருந்தது. ஊற்ற வந்தவரும் உள்ளே போய்விட்டார் போலும்.

தோட்டத்தின் வாளிகளில் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டோம். தக்காளிக்கு அடியில் ஊற்று, இலையில் படாதே. பீன்ஸுக்கு ஒரு வாளி. சித்தப்பாவின் மிச்சக் கன்றுகள் இரண்டும் ஒரு பழைய ரொட்டிக் கிரேடில் இடம்பிடித்திருந்தன. கிரேடின் பக்கவாட்டில் கடையின் பெயர் இன்னும் பாதி வாசிக்க இருந்தது.

கடைசி வாளியில் கால்வாசி மிஞ்சியது. கொட்டிவிட்டுக் கிளம்புவோம் என்று நான் வாசலைப் பார்க்க, சித்தப்பா எதிர்த்திசையில் நடந்தார். காலையில் பார்த்த அந்தத் தாள் ஒட்டிய கல். எழுத்து தேய்ந்துபோயிருந்தது. அதன் முன்னே யாரும் பறிக்காத மேமணிப்பூ ஒரு பாய் அகலத்துக்கு. சித்தப்பா குனிந்து, அவசரமில்லாமல், வேரோரம் சுற்றி ஊற்றினார்.

"தவணை முடிஞ்சுதாமே இவருக்கு" என்றேன்.

"தாள்தானே சொல்லுது. கல்லை எடுக்கிறவரைக்கும் பூ இருக்கும். வேற ஆர் வந்து ஊத்தப் போகினம்?"

வாளியைச் சட்டத்தில் மாட்டி, பூட்டைச் சொடுக்கினார். குழாயடியில் கையைக் கழுவிக் காலிலும் தெளித்துக்கொண்டு என்னையும் தெளிக்கச் சொன்னார். "வீட்டை போன உடனை ரெண்டு பேரும் தலைக்கு வார்க்கவேணும். என்ன இருந்தாலும் சேமக்காலைக்கு வந்திருக்கிறம்" என்றபடி, முக்காட்டுப் பாட்டி கொடுத்த புதினாக் கொத்தை ஈரம் சொட்டச் சொட்டக் கையில் பிடித்துக்கொண்டு, யூ8 நிலையப் படிக்கட்டில் இறங்கினார்.